மிக்-17இன் காலும் ஒரு சிவப்புக் குச்சியும்

விடிய ஐந்தரைக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பி ஹோல் லைற்றைப் போட்டால், நான் கட்டுகிற மாதிரிப் பிளேன் ஒரு பக்கமாக முழங்காலில் நிற்கிறது. இரவு படுக்கப் போகும்போது மூன்று காலிலும் நேராகத்தான் நின்றது. இப்போது வலது கால் பாதி மடிந்து, வலது சிறகின் நுனி வாசல் பக்கத்துச் செருப்புத் தட்டில் சாய்ந்து, போன மாதம் பூசின வெள்ளி நிறத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல். ஒருவரும் தொடவில்லை. பற்றரிகள் கழற்றி பல்கனியில் பெட்டிக்குள் இருக்கின்றன. தேத்தண்ணியை மறந்துவிட்டு அப்படியே தரையில் குந்திவிட்டேன்.

அந்தக் காலைப் பற்றித்தான் இதில் எழுதப்போகிறேன். விடிந்த காலை, மடிந்த காலை, இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பிளேனையும் எழுத வெளிக்கிட்டால் நாலு வருசக் கதை, அதில் வீட்டில் நடந்த சண்டைகள் தனி.

பிளேன் மிக்-17, பழைய சோவியத் போர் ஜெட், என்னுடையது ரிமோட்டில் ஓடுகிற மாதிரி. உண்மையானதற்குச் சிறகு நுனிக்கு நுனி 9.63 மீற்றர், நான் ஐந்தில் ஒன்றாகக் கட்டுவதால் 1.93 மீற்றர். நீளம் அதைவிடக் கூட, இரண்டே கால் மீற்றர் வரும். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளட்டில் இருக்கிறவன் கட்டக்கூடிய சாமானா என்றால், இல்லைத்தான். ஆனால் இந்தப் பிளேனில் ஒரு வசதி இருக்கிறது. அசலிலேயே சிறகுக்குப் பின்னால் உடம்பு இரண்டாகக் கழரும். எஞ்சினில் கைவைக்க வேண்டுமென்றால் வால் பகுதியை முழுசாகக் கழற்றிப் பின்னால் இழுத்துவிடுவார்கள். நானும் அதே இடத்தில் நாலு எம்5 போல்ட் போட்டிருக்கிறேன், கழற்றினால் லிப்டுக்குள் சரித்து வைத்துக் கொண்டுபோகலாம். மேல்மாடி அன்ரி ஒரு தரம் லிப்ட் கதவு திறந்ததும் வால் செட்டையைப் பார்த்துவிட்டு, “தம்பி, நான் அடுத்ததில வாறன்” என்று நின்றுவிட்டார்.

ஏன் மிக் என்று கேட்பவர்களுக்கு: 1971 கிளர்ச்சிக்குப் பிறகு சோவியத் யூனியன் கொடுத்து ஐந்து மிக்-17உம் பயிற்சிக்கு ஒரு மிக்-15உம் இங்கே வந்தன, அப்போது நாட்டின் பெயர் இன்னும் சிலோன். என்னுடைய மாமா அந்தக் காலத்தில் கட்டுநாயக்க விமானத்தளத்துக்குக் கிட்ட, சீதுவையில் வாடகைக்கு இருந்தவர். “சத்தம் வந்து அண்ணாந்து பார்க்கிறதுக்குள்ள ஆள் போயிடும், ஓடு மட்டும் கிடுகிடுத்துக்கொண்டு இருக்கும்” என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்லுவார். அந்த மிக் ஒன்று இப்போது இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நான் வேலை செய்கிற ஆடைத் தொழிற்சாலையும் இரத்மலானையில்தான். தையல் மெஷின்கள் திருத்துகிற பிரிவில் இருக்கிறேன், அரைநாள் லீவு கிடைத்தால் அங்கே போய்விடுவேன். மூன்றாம் முறை போனபோது வாசலில் இருந்தவர் ரிக்கெற்றைத் தந்துவிட்டு, “இண்டைக்கும் மிக்தானா?” என்று சிங்களத்தில் கேட்டார்.

உடம்பு கட்டின கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரிஜிபோம், அதாவது பெட்டிகளுக்குள் பொதியாக வருகிற வெள்ளை நுரை, அந்தக் கட்டிகளைச் சூட்டுக் கம்பியால் அறுத்து, மேலே பைபர் துணி ஒட்டினேன். 2021இல் தொடங்கின முதல் உடம்பு ஒரு மணித்தியாலத்தில் கரைந்து போனது, ஏனென்றால் படகுக்கு பைபர் அடிக்கிற இடத்தில் வாங்கின பொலியெஸ்ரர் ரெசினை யோசிக்காமல் பூசிவிட்டேன். அதில் இருக்கிற ஸ்ரைரீன் ரிஜிபோமைத் தின்றுவிடும். வெயிலில் வைத்த ஐஸ்கிரீம் மாதிரி மூக்கு உள்ளே இறங்கியதை நின்று பார்த்தேன். எபொக்சி ரெசின் என்றால் ஒன்றும் செய்யாது, ஆனால் விலை கூட. இரண்டாவது உடம்பு பாதியில் இருக்கும்போது 2022 வந்தது, டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனது, எபொக்சியும் நின்றது நானும் நின்றேன். மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டினபோது பிளேனுக்கு வாங்கி வைத்த லிப்போ பற்றரியில்தான் வீட்டு லைற்றும் ஒரு சின்ன பானும் ஓடின. அதற்குப் பிறகு மனைவி இந்தச் செலவைப் பற்றிக் கதைப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

எஞ்சின் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அசலில் இருந்தது விகே-1, ரோல்ஸ்ரொய்ஸ் நீன் எஞ்சினிலிருந்து வளர்த்தெடுத்தது. என்னுடையதில் 120 மில்லிமீற்றர் மின் விசிறி, ஆறு செல் பற்றரி இரண்டைத் தொடராகப் போட்டு ஓடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைப் பின்வளவில், செக்கியூரிட்டி ஐயாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, பயணப்பெட்டி நிறுக்கிற தொங்கு தராசில் கட்டிப் பார்த்ததில் 8.6 கிலோ இழுத்தது. பிளேன் மொத்தமாக 12.4 கிலோ. ஓடிப் பறக்க அது காணும். மூக்கு ஓட்டையால் வருகிற காற்று அசலில் விமானி அறைக்கு இரண்டு பக்கத்தாலும் பிரிந்து போய்ப் பின்னால் சேரும், நானும் அப்படியே பிரித்தேன், அதற்குள் மூக்குக் காலையும் பற்றரியையும் அடக்கினதுதான் இந்தப் பிளேனிலேயே நான் கொஞ்சம் பெருமைப்படுகிற இடம்.

சரி, கால்.

மிக்-17இன் பின் கால்கள் இரண்டும் உள்பக்கமாக மடிந்து சிறகுக்குள் படுக்கும். மூக்குக் கால் முன்னோக்கி மடியும், அதனால் இறக்கும்போது எதிர்க்காற்றே அதைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்ட உதவும். பின் கால்களுக்கு அந்த உதவி இல்லை. என்னுடைய அளவில் சக்கரம் 130 மில்லிமீற்றர், அது படுக்க வேண்டிய இடத்தில் சிறகின் தடிப்பு அறுபது சொச்சம். சக்கரம், கால், கதவு, கதவைத் திறக்கிற கை எல்லாம் அதற்குள். கடையில் செய்து வருகிற மின்சாரக் கால்கள் இருக்கின்றன, மூன்றும் கதவுச் சாமானும் சேர்ந்தால் என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டும். எனக்குக் காற்றுச் சிலிண்டர் தெரியும், அழுத்தின காற்றால் ஒரு தண்டைத் தள்ளுகிற குழாய். தொழிற்சாலையில் தினமும் கழற்றிப் பூட்டுகிற சாமான். நூல் வெட்ட, பாதம் தூக்க, எல்லாவற்றுக்கும் அங்கே காற்றுத்தான்.

அதனால் காலுக்கு 16 மில்லிமீற்றர் உள்விட்டச் சிலிண்டர். 6 பார் அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட 12 கிலோ தள்ளும், தாராளம். காற்று நிரப்புவதற்கு 750 மில்லிலீற்றர் சோடாப் போத்தல், மூடியில் ரயர் வால்வு. சிரிக்க வேண்டாம், அந்தப் போத்தல்கள் நல்ல பலம், ஆனால் காற்றடிக்க முதல் தண்ணீர் நிரப்பி அழுத்திப் பாருங்கள், வெடித்தால் தண்ணீர் தெறிக்கும், காற்று என்றால் கண் போகும். மூன்று காலும் கதவுகளும் ஒரு தரம் அசைய ஏறக்குறைய 50 மில்லிலீற்றர் காற்று வேண்டும். 8 பாரில் தொடங்கினால் இரண்டு தரம் ஏற்றி இரண்டு தரம் இறக்கின பிறகு 6 பார் மிஞ்சும். ஒரு பறப்புக்கு ஒரு தரம் ஏற்றி இறக்கினால் போதும், மற்றது கைகாவல்.

அதிர்ச்சி தாங்கிக்கு ஸ்பிரிங் தேடி, வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தேன். மோட்டர் சைக்கிள் கார்ப்ரேற்றர் ஸ்பிரிங் போட்டால் பிளேன் சொந்தப் பாரத்திலேயே குந்தியது, கிளச் ஸ்பிரிங் போட்டால் அசையவே இல்லை. கடைசியில் விடை என் வேலை மேசையிலேயே இருந்தது: தையல் மெஷினில் பாதத்தை அழுத்திப் பிடிக்கிற ஸ்பிரிங். கழித்துப் போட்ட மெஷின்களிலிருந்து கேட்டு எடுத்தேன். அளவெடுத்துச் செய்தது போலக் குழாய்க்குள் இறங்கியது.

கதவில்தான் வந்தது வில்லங்கம். இறக்கும்போது கதவு முதலில் திறக்க வேண்டும், பிறகு கால். ஏற்றும்போது கால் முழுக்க உள்ளே போன பிறகு கதவு மூட வேண்டும். நான் முதலில் செய்தது எல்லாரும் செய்கிற வேலை, ஒரு சின்ன சர்க்கிற் போர்ட்டில் நேரக் கணக்கு எழுதிவிட்டேன்: காலுக்கு இரண்டு செக்கன், அதற்குப் பிறகு கதவு மூடு. மேசையில் நூறு தரம் ஓடியது. ஒரு நாள் போத்தலில் 4 பார்தான் இருந்தது, நான் கவனிக்கவில்லை, கால் மெல்லமாக ஏறிக்கொண்டிருந்தது, போர்ட் தன்பாட்டுக்கு இரண்டு செக்கன் எண்ணிவிட்டுக் கதவை மூடியது. ரயர் பாதி வெளியே. கதவுப் பிணைச்சல் பிய்ந்து, கால் சிலிண்டரைப் பிடித்திருந்த அலுமினியத் தாங்கியும் வளைந்தது. போர்ட்டில் பிழை இல்லை. கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவே தெரியாது, நேரம் மட்டும்தான் தெரியும்.

போர்ட்டைத் தூக்கிப் போட்டேன். அதற்குப் பதில் தொழிற்சாலை முறை: கதவு முழுக்கத் திறந்தால் அதன் கையே ஒரு சின்ன ரோலர் வால்வை அமுக்கும், அமுக்கினால்தான் காலுக்குக் காற்றுப் போகும். கால் முழுக்க உள்ளே வந்தால் கால் இன்னொரு வால்வை அமுக்கும், அதற்குப் பிறகுதான் கதவு மூடும். காற்றுக் குறைந்தால் எல்லாம் மெல்லமாக நடக்கும், ஆனால் ஒழுங்கு மாறாது. பாரம் 90 கிராம் கூடியது. பரவாயில்லை.

வளைந்த தாங்கியையும் புதிதாக வெட்டினேன், பல்கனியில், கைத் துளைகருவியால். அதை இங்கே குறித்து வையுங்கள்.

இனி குச்சி. மிக்-15, மிக்-17 படங்களைப் பார்த்தால் சிறகின் மேலே, காலுக்கு நேராக, ஒரு சின்னக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். நான் முதலில் அன்ரெனா என்று நினைத்தேன். அது கால் இறங்கிவிட்டது என்று காட்டுகிற குச்சி. காலோடு நேரடியாகத் தொடுத்திருக்கும், கால் இறங்கினால் குச்சி மேலே எழும்பும், ஏறினால் சிறகுக்குள் மறையும். விமானி அறையில் லைற்றுகளும் இருக்கும்தான். லைற் பழுதானாலும் கழுத்தைத் திருப்பிச் சிறகைப் பார்த்தால் தெரிந்துவிடும். மூக்குக் காலுக்கும் ஒன்று, முன்னால். எனக்கு இது மிகவும் பிடித்துப் போய், சைக்கிள் கம்பியை வெட்டி, பிளாஸ்ரிக் குழாய்க்குள் விட்டு, மூன்று காலுக்கும் செய்து சிவப்புப் பூசினேன். சும்மா அழகுக்கு. தரையில் நின்று ரிமோட் பிடிக்கிறவனுக்கு நூறு மீற்றரில் அந்தக் குச்சி தெரியவா போகிறது? எனக்கென்று பச்சை லைற் தனியாக வைத்திருந்தேன், காலின் அடியில் ஒரு சுவிட்ச், கால் இறங்கினால் எரியும்.

சரி, மறுபடி அந்த விடியற்காலை. போத்தல் வால்வை அமுக்கிப் பார்த்தேன், காற்று இல்லை. இரவோடு இரவாக எங்கேயோ கசிந்துவிட்டது. ஆனால் காற்றுக் கசிவது நோய் இல்லை, எந்தக் காற்றுச் சாமானும் ஓர் இரவில் கசியும். கால் காற்றில் நிற்கக் கூடாது. மடிக்கிற மேசையின் காலைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் முழங்கை மாதிரி ஒரு தாங்கு இருக்கும், அதை நேராக்கி இன்னும் ஒரு துளி தள்ளினால் டக்கென்று மறுபக்கம் விழுந்து பூட்டிக்கொள்ளும், பிறகு மேலே ஏறி நின்றாலும் மடியாது. பிளேன் காலும் அதேதான். காற்று தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும், பிடித்து வைத்திருப்பது அந்த முழங்கையின் கோணம். என்னுடையதில் இடதும் மூக்கும் அப்படித்தான் நின்றன. வலது மட்டும் காற்றிலேயே நின்றிருக்கிறது, எனக்குத் தெரியாமல்.

ஆனால் பச்சை லைற் எரிந்ததே? நான் அதை யோசித்து யோசித்து சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மகன் ஸ்கூல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே பம்பை எடுத்து விளையாட்டுக்குக் காற்றடித்தான். வலது கால் மெல்ல நிமிர்ந்தது. அவன் சொன்னான், “அப்பா, இந்தப் பக்கத்துக் குச்சி கட்டை.”

“என்ன கட்டை?”

“மற்றது உயரம். இது எப்பவும் கட்டைதானே.”

எப்பவும் என்றான். அவனுடைய கொம்பஸ் பெட்டியிலிருந்து அடிமட்டத்தை வாங்கி வைத்துப் பார்த்தேன். இடது 15 மில்லிமீற்றர், வலது 12.

குச்சியை நான் காலில் தொடுக்கவில்லை. இடம் இல்லாததால் முழங்கைத் தாங்கில் தொடுத்திருந்தேன், அதுவும் வேறு வழியில்லாமல் செய்த வேலை. பச்சை லைற்றின் சுவிட்ச் காலில் இருந்தது. கால் கிட்டத்தட்ட முழுக்க இறங்கிவிட்டது, அதனால் லைற் எரிந்தது. முழங்கை மட்டும் நேர்கோட்டைத் தாண்டவில்லை, அதனால் குச்சி கட்டையாக நின்றது. தாங்கி மாற்றி இரண்டு கிழமை இருக்கும். இரண்டு கிழமையாக அந்தக் குச்சி இருந்த விசயத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான் அதற்குப் பெயின்ற் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காரணம் பல்கனியில் போட்ட துளைதான். துளையிடும்போது அலகு வழுக்கி 1.5 மில்லிமீற்றர் தள்ளி இறங்கியிருக்கிறது. சிலிண்டர் முழுக்க நீண்டாலும், முழங்கையைத் தள்ள வேண்டிய கடைசித் துளியை அந்த ஒன்றரை மில்லிமீற்றர் தின்றுவிட்டது.

முதலில் சோம்பேறி வழியில் திருத்தினேன். சிலிண்டர் தண்டின் முனையில் எம்6 புரி, ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீற்றர். முனைக் கவையை ஒன்றரைச் சுற்று வெளியே திருப்பினால் சரியாக 1.5. டக்கென்று பூட்டியது, குச்சி 15க்கு வந்தது, நானும் சந்தோசமாக வேலைக்குப் போனேன். பின்னேரம் வந்து காலை ஏற்றினால் கதவு மூடவில்லை. தண்டு நீண்டால் இறங்கும்போது மட்டுமா நீளும், ஏறும்போதும் நீளம்தானே, சக்கரம் நாலு மில்லிமீற்றர் கீழே தொங்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு நின்றது. ரோலர் வால்வு இருந்தபடியால் ஒன்றும் உடையவில்லை, கதவு மூட மாட்டேன் என்று நின்றதோடு சரி.

திருப்பினதைத் திரும்பச் சுற்றிவிட்டு, சனிக்கிழமை பஞ்சிகாவத்தையில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறை நானாவிடம் போனேன். தாங்கியின் அளவு கீறின தாளைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

“எந்த வாகனம் இது?”

“பிளேன், நானா.”

“பிளேனெண்டா கட்டுநாயக்கால அடிப்பாங்கதானே, இங்க என்னத்துக்கு?” என்றவர், கீழே எழுதியிருந்த 0.1 மில்லிமீற்றர் பிழை வரம்பைப் பார்த்துவிட்டுக் கதையை நிறுத்திக்கொண்டு மெஷினைப் போட்டார். வலது தாங்கி மட்டும் என்று போனேன், இரண்டையும் ஒரே பிடியில் சேர்த்துத் துளைத்துத் தந்தார், “ஒண்டு மட்டும் அடிச்சா திரும்ப வருவீங்க.” ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். போகிற வழியில் காரின் அக்ஸிலேற்றர் இழுவை ஸ்பிரிங் இரண்டும் வாங்கினேன். அவை இப்போது ஒவ்வொரு முழங்கையையும் பூட்டின பக்கம் இழுத்துப் பிடிக்கின்றன, காற்றே இல்லாவிட்டாலும் கால் சொந்தப் பாரத்தில் விழுந்து, கடைசித் துளியை ஸ்பிரிங் தள்ளிப் பூட்டும். அசல் மிக்கில் எண்ணெய் அழுத்தம் போனால் காலை இறக்குவதற்கென்று அழுத்தக் காற்று தனியாக இருக்கும். என்னிடம் இருப்பதே காற்றுத்தான், அதனால் அதற்கு மாற்றாக ஸ்பிரிங். பச்சை லைற் சுவிட்சையும் காலிலிருந்து கழற்றி முழங்கைக்கு மாற்றினேன்.

போத்தலை வெறுமையாக்கி, மூன்று இரவு ஹோலில் நிறுத்தி வைத்தேன். மனைவி செருப்புத் தட்டை முன்கூட்டியே வேறு பக்கம் நகர்த்திவிட்டார். நின்றது.

போன போயா, பௌர்ணமி லீவு நாள் அன்று முதன்முதலாக நிலத்தில் ஓட்டினோம். பறக்கவிடவில்லை, அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி எடுக்க வேண்டும், தாள்களை இப்போதுதான் சேர்க்கிறேன். கொழும்பில் இதற்கு இடம் என்று ஒன்றும் இல்லை, காலிமுகத்திடலில் பட்டம் விடலாம், 12 கிலோ ஜெட்டை விட முடியாது. சிலாபம் தாண்டி, கூட வேலை செய்கிறவரின் சொந்தக்காரருக்குத் தென்னங்காணி இருக்கிறது, உள்ளே லொறி போகக் கொங்கிறீற் பாதை, நேராக ஏறக்குறைய 150 மீற்றர். விடிய நாலு மணிக்கு வானில் ஏற்றி, ஏழு மணிக்குப் பூட்டி முடித்தோம். பாதி வேகத்தில் ஓடும்போது சத்தத்துக்குத் தேங்காய் பறிக்க வந்தவர்கள் கத்தியோடு மரத்தடியில் வரிசையாக நின்றுவிட்டார்கள். பிரேக் இடது பக்கம் கொஞ்சம் கூடப் பிடிக்கிறது, பிளேன் பாதையை விட்டு இறங்கி உரிமட்டைக் குவியலுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. அசலிலும் மிக்கின் பிரேக் காற்றில்தான் வேலை செய்யும், விமானி கைப்பிடியில் இருக்கிற நெம்பை அமுக்க வேண்டும். அவர்களும் இப்படி இழுபட்டார்களோ என்னவோ. கொங்கிறீற் பொருத்துகளில் ஒவ்வொரு தரமும் டொக் டொக்கென்று அடித்தது, தையல் மெஷின் ஸ்பிரிங் அசைந்து கொடுத்தது, ஒரு காலும் மடியவில்லை.

ஆறாவது ஓட்டம் முடிந்து பற்றரி கழற்றும்போது மகன் அடிமட்டத்தோடு வந்தான், கேட்காமலே. இடது 15. வலது 15. மூக்கில் கொஞ்ச நேரம் குனிந்து நின்று, அடிமட்டத்தைத் திருப்பி வைத்தும் பார்த்தான்.

“அப்பா, 14.”

தாங்கு ஸ்குறூ தளர்ந்திருக்கலாம். திரும்பி வரும் வழியில் நீர்கொழும்பு தாண்டும் வரை நாங்கள் அதைத்தான் கதைத்தோம், வீட்டுக்கு வந்ததும் மூக்கைக் கழற்றி மேசையில் வைத்திருக்கிறேன்.